எஸ்.ஜி.பி.டி.யின் விலாசம்: ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு நொதியின் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

காரைக்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முழு உடல் பரிசோதனை முடித்து வாங்கிய தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 62. பக்கத்தில் மேலே பார்க்கும் அம்புக்குறி. வீட்டில் அந்தத் தாள் முகப்பிலிருந்து அடுப்படி வரை கைமாறுகிறது. "ஈரல் கெட்டுப்போச்சா?" என்கிறார் பெரியவர். சென்னையில் இருக்கும் மகன் ஆறு மாதத்துக்கு முன் அங்கே அவருக்கு எடுத்த தாளை வாட்ஸாப்பில் தேடிப் பிடிக்கிறார். அதில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரியே இல்லை. ஏ.எல்.டி. 48 என்று இருக்கிறது. "அப்பச்சி, போன தடவை இந்த டெஸ்டே எடுக்கல போல" என்கிறார்.

எடுத்திருக்கிறார்கள். ஏ.எல்.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் ஒன்றுதான், ஈரலில் இருக்கும் ஒரு நொதியின் புதுப் பெயரும் பழைய பெயரும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டால், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதும் கூடவே விளங்கிவிடும்.

செட்டிநாட்டில் விலாச எழுத்துகள் புதிதில்லை. பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்து நின்றால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அப்பச்சியோ ஐயாவோ இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்.ஜி.பி.டி.யும் அப்படி ஒரு விலாசம்தான். எழுத்து எழுத்தாகப் பிரிப்பதற்கு முன்னால் 'நொதி' என்ற குடும்பப் பெயரைப் பார்த்துவிடலாம்.

நொதி என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'என்சைம்' என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நொதி' என்கின்றன, இலங்கையில் 'நொதியம்' என்பார்கள். 'என்சைம்' என்ற சொல்லை 1877-ஐ ஒட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'ஸைமே' என்றால் மாவைப் புளிக்கவைக்கும் காடி. ஆக, 'காடிக்குள் இருப்பது'. நொதித்தல் என்பதும் புளித்துப் பொங்குவதுதான். தமிழில் இந்தச் சொல்லை அமைத்தவர்கள் ஒலியைப் பெயர்க்காமல் பொருளையே பிடித்திருக்கிறார்கள். நல்ல வேலை.

புளிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஆப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும் மாவு ஆட்டி இரவு மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டிய மாவை உடனே ஊற்றிவிட வேண்டும், புளிக்க விட்டால் எண்ணெய் குடிக்கும். இரண்டுக்கும் நடுவே மாவுக்குள் ஏதோ நடக்கிறது. அந்த 'ஏதோ' உயிருள்ள நுண்ணுயிரா, அதற்குள் இருக்கும் வெறும் ரசாயனமா என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. 1897-ல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டார். புளித்தது. இதற்காக 1907-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சோதனைக்கும் காரைக்குடித் தாளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செல்லை விட்டு வெளியே வந்த பிறகும் நொதி வேலை செய்யும் என்பதால்தான், ரத்தத்தில் சிந்திய ஈரல் நொதியைக் கண்ணாடிக் குழாயில் வைத்து அளக்க முடிகிறது.

சரி, விளக்கம் இவ்வளவுதான்: உடலில் நடக்க வேண்டிய ஒரு வேதிவினையை வேகப்படுத்தி, தான் செலவாகாமல் அடுத்த வினைக்குத் தயாராக நிற்கும் பொருள் நொதி. அநேகமாக எல்லா நொதியும் புரதமே. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வேலை. அந்த வேலையைத்தான் பெயர் சொல்கிறது.

பெயரின் வால்: 'ஏஸ்'

அமைலேஸ், லைபேஸ், லாக்டேஸ் என்று எல்லாம் 'ஏஸ்' என்றே முடிகின்றன. இந்த வால் வந்தது ஒரு தற்செயலால். 1833-ல் ஆன்செல்ம் பாயென், ழான் பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளைப் பிரித்தார்கள். பிரித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'டயஸ்டேஸ்' எனப் பெயர் வைத்தார்கள். விருந்துக்குப் பிறகு குடிக்கும் செரிமான சிரப் சிலவற்றின் லேபிளில் இந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 1898-ல் எமில் துக்ளோ என்ற அறிஞர், முதலில் பெயர் பெற்ற அந்த நொதியின் நினைவாக எல்லா நொதிக்கும் 'ஏஸ்' என்ற முடிவைக் கொடுக்கலாம் என்றார். ஊர்ப்பெயர் 'பட்டி', 'குடி' என்று முடிந்தால் அது ஊர் என்று தெரிவதுபோல, 'ஏஸ்' என்று முடிந்தால் நொதி. பெப்சின், டிரிப்சின் மாதிரி அதற்கு முன்பே பெயர் வாங்கிவிட்டவை மட்டும் விதிவிலக்கு.

நான்கு எழுத்தும் நான்கு மூதாதையரும்

எஸ்.ஜி.பி.டி.யின் விரிவு: சீரம் குளூட்டாமிக் பைருவிக் டிரான்ஸாமினேஸ்.

1. *சீரம்.* லத்தீனில் மோர்த் தெளிவு. பால் திரைந்தால் கட்டி ஒரு பக்கமும் மங்கலான தண்ணீர் ஒரு பக்கமும் நிற்குமே, அந்தத் தண்ணீர். ரத்தமும் அப்படித்தான் திரைகிறது. கையில் குத்தி எடுத்த ரத்தத்தைக் குழாயில் அரைமணி நேரம் நிற்க வைத்து, சுழல் இயந்திரத்தில் சுற்றினால், சிவப்பு அடியில் உறைந்து மேலே வெளிர் மஞ்சளாக ஒரு நீர் தெளியும். அதுதான் சீரம். தமிழில் ஊநீர் என்றும் எழுதுவார்கள். அளவு அதில் எடுக்கப்படுகிறது என்பதைத் தவிர இந்த எழுத்துக்கு வேறு பொருள் இல்லை.

2. *குளூட்டாமிக்.* லத்தீனில் 'குளூட்டன்' என்றால் பசை. பரோட்டாவுக்குப் பிசைந்த மைதா உருண்டையைத் தண்ணீருக்கடியில் கசக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாவெல்லாம் கரைந்து போய், ரப்பர்போல இழுபடும் ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். 1866-ல் கார்ல் ஹைன்ரிஷ் ரிட்ஹௌசன் கோதுமையின் அந்தப் பசையைக் கந்தக அமிலத்தில் சிதைத்து ஓர் அமிலத்தை எடுத்தார். பசையிலிருந்து வந்ததால் குளூட்டாமிக் அமிலம்.

3. *பைருவிக்.* நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிரேக்கத்தில் 'பைர்' தீ, லத்தீனில் 'ஊவா' திராட்சை. 1835-ல் சுவீடன் வேதியியலாளர் பெர்ஸீலியஸ், திராட்சையிலிருந்து வரும் அமிலத்தை நெருப்பில் காய்ச்சி வாலை வடித்தபோது கிடைத்தது பைருவிக் அமிலம். அந்தத் திராட்சை அமிலம் டார்டாரிக் அமிலத்தின் ஒரு வடிவம். நம் புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணமும் டார்டாரிக் அமிலம்தான். பெர்ஸீலியஸ் பள்ளத்தூரில் பிறந்து புளியங்கொட்டை பொறுக்கி வளர்ந்திருந்தால் இதற்குத் 'தீப்புளி' என்று பெயர் வைத்திருப்பார். சர்க்கரை நம் உடலில் சிதையும் வழியில் நடுவே நிற்கும் முக்கியமான சந்தி இந்த அமிலம். அந்தச் சந்தியிலிருந்து எரிபொருளாகவும் போகலாம், திரும்பவும் சர்க்கரையாகவும் ஆகலாம்.

4. *டிரான்ஸாமினேஸ்.* இது மூன்று துண்டு. 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே கடந்து. 'அமின்' என்பது அமோனியாவிலிருந்து பிறந்த சொல். 'ஏஸ்' என்ற வாலை மேலேயே பார்த்துவிட்டோம். அமோனியா என்ற பெயர் வந்தது நவச்சாரத்திலிருந்து. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அம்மோன் கோவில் இருந்த பக்கத்திலிருந்து கிடைத்த உப்பு என்பதால் அதை 'அம்மோனின் உப்பு' என்றார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உப்பு தெரியும். பூசுபவர் பாத்திரத்தை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பி மூக்கைக் காரும். அந்த நெடியில் இருப்பது அமோனியா. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அதன் ஒரு துண்டு வேறொரு மூலக்கூறில் ஒட்டிக்கொண்டால் அது 'அமினோ' தொகுதி.

சேர்த்துப் படித்தால்: ஊநீரில் காணப்படும், குளூட்டாமிக் அமிலத்துக்கும் பைருவிக் அமிலத்துக்கும் நடுவே அமினோ தொகுதியைக் கடத்தும் நொதி.

கைமாற்று வேலை

அமினோ தொகுதி ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை, மாஸ்கோவில் அலெக்சாண்டர் பிரவுன்ஸ்டைன், மரியா கிரிட்ஸ்மன் இருவரும் 1937-ல் விளக்கினார்கள். அதுவரை, ஒரு அமினோ அமிலத்திலிருந்து (புரதத்தைக் கட்டும் செங்கல்) அமோனியா கழன்று விழுந்து, பிறகு இன்னொன்றில் ஒட்டிக்கொள்வதாகவே கருத இடம் இருந்தது. நடப்பது அப்படியல்ல. அமோனியா தனியாகத் தெருவுக்கு வருவதே இல்லை, நேரடியாகக் கைமாறுகிறது. கடல் கடந்து போய்க் கொண்டுவிக்கும் தொழில், அதாவது லேவாதேவி, பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூனில் பணத்தைக் கட்டிக் காரைக்குடியில் வாங்கிக்கொள்ள ஓர் உண்டியல் சீட்டு போதும், பெட்டி நிறையக் காசைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். இங்கும் ஐந்தொகையில் மொத்தம் மாறுவதில்லை. ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு.

நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால்:

1. அலனின் என்ற அமினோ அமிலம் நொதியிடம் வருகிறது. தன் அமினோ தொகுதியைக் கொடுத்துவிட்டுப் பைருவிக் அமிலமாக வெளியேறுகிறது.

2. அந்தத் தொகுதியை நொதி நேரடியாகத் தொடுவதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் பி6 வைட்டமினின் ஒரு வடிவம் வாங்கி வைத்துக்கொள்கிறது. பழைய லேவாதேவிக் கடையில் முதலாளிக்கும் வருபவருக்கும் நடுவே பெட்டியடிப் பையன் இருப்பானே, அவன் வேலைதான் இந்த பி6-க்கு.

3. அடுத்து ஆல்ஃபா கீட்டோகுளூட்டாரிக் அமிலம் வருகிறது. பையன் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு குளூட்டாமிக் அமிலமாகப் போகிறது.

ஈரலில் இந்த வேலை ஏன் இவ்வளவு அதிகம்? ஏகாதசி விரதம் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இல்லை, ஆனால் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். தசை தன் புரதத்தில் கொஞ்சத்தை அலனினாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. ஈரல் அதை வாங்கி, அமினோவைக் கழற்றி, பைருவிக் அமிலத்தைச் சர்க்கரையாக்கித் திருப்பி அனுப்புகிறது. கழற்றிய நைட்ரஜன் கடைசியில் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. ஆக, எஸ்.ஜி.பி.டி. நோயின் பொருளே அல்ல, தினசரிக் கணக்கு எழுதும் ஆள். அவர் ஈரல் செல்லுக்குள் இருக்கும்வரை யாருக்கும் கவலையில்லை.

பழைய பெயர் ஏன் மாறியது?

கைமாற்று இரண்டு பக்கமும் நடக்கும். குளூட்டாமிக்கிலிருந்து பைருவிக்குக்கு அமினோ போனால் அலனின் பிறக்கும். அலனினிலிருந்து போனால் குளூட்டாமிக் பிறக்கும். பழைய பெயர் முதல் திசையைப் பார்த்து வைத்தது, புதுப் பெயர் மறு திசையைப் பார்த்து வைத்தது. காரைக்குடி–தேவகோட்டை ரோடு என்றாலும் தேவகோட்டை–காரைக்குடி ரோடு என்றாலும் ரோடு ஒன்றுதானே.

1950-களில் புது நொதிகள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே நொதிக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் இரண்டு நொதி என்று குழப்பம் முற்றியது. சர்வதேச உயிர்வேதியியல் சங்கம் ஒரு நொதி ஆணையம் அமைத்தது, அதன் அறிக்கை 1961-ல் வந்தது. எல்லா நொதியையும் ஆறு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பகுதி கொண்ட எண் கொடுத்தார்கள் (ஏழாவது வகுப்பு 2018-ல் சேர்ந்தது). நம் நொதியின் எண் 2.6.1.2. முதலில் உள்ள 2, 'ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துபவை' என்ற வகுப்பு. பெயர் அலனின் அமினோடிரான்ஸ்ஃபெரேஸ், சுருக்கமாக ஏ.எல்.டி. இதில் 'சீரம்' என்ற எழுத்து இல்லாததும் நியாயமே. நொதியின் சொந்த ஊர் ஊநீர் கிடையாது.

அலனின் என்ற பெயருக்குப் பின்னால் பெரிய கதை இல்லை. 1850-ல் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் ஆல்டிஹைடிலிருந்து செய்ததால் 'ஆல்', சொல்ல வசதியாக நடுவே 'அன்', அவ்வளவுதான்.

ஒரே தாளில் பக்கத்திலேயே இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி.யும் இதே குடும்பம். அதன் புதுப் பெயர் ஏ.எஸ்.டி., எண் 2.6.1.1. பைருவிக் இருந்த இடத்தில் ஆக்சலோஅசிட்டிக். 'ஆக்சாலிஸ்' என்பது வயல் வரப்பில் முளைக்கும் புளியாரைக் கீரையின் இனப்பெயர், 'அசிட்டிக்' காடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புதுப் பெயரில் உள்ள ஆஸ்பார்ட்டிக் வருவது ஆஸ்பராகஸ் செடியிலிருந்து. 1806-ல் வோக்லன், ரோபிக்கே இருவரும் அதன் சாற்றில் எடுத்த ஆஸ்பராஜின்தான் மனிதர் முதன்முதலில் பிரித்தெடுத்த அமினோ அமிலம். அதே இனத்து நம்மூர்ச் செடி தண்ணீர்விட்டான் கிழங்கு.

உள்ளறைச் சாமான் தெருவுக்கு வந்தால்

செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒரு பூட்டு. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, பீங்கான் ஜாடி எல்லாம் உள்ளே. பாத்திரத்தின் கழுத்தில் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். அப்படி ஒரு பாத்திரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் இருக்கிறது என்று வையுங்கள். விலாசத்தைப் படித்தால் எந்த வீட்டுப் பாத்திரம் என்று தெரிந்துவிடும். பங்கு பிரித்து விற்றதா, மழையில் கூரை விழுந்து காலி செய்ததா, பூட்டு உடைந்ததா என்பதைப் பாத்திரம் சொல்லாது.

ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. அப்படித்தான். ஈரல் செல்லுக்குள் அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. செல்கள் இயல்பாகவே தேய்ந்து புதுப்பிக்கப்படும்போது கொஞ்சம் வெளியே வரும், அதனால்தான் ஆரோக்கியமான உடலிலும் அது பூஜ்யமாக இருப்பதில்லை. செல்லின் சுவர் பழுதானால் கூடுதலாகக் கசிகிறது. பழுதாக்கியது கொழுப்பா, வைரஸா, மதுவா, மாத்திரையா என்று நொதிக்குத் தெரியாது.

எஸ்.ஜி.ஓ.டி. விலாசம் வெட்டாத பாத்திரம். ஈரலிலும் இருக்கிறது, இதயத்தில், தசையில், சிறுநீரகத்தில், சிவப்பணுவிலும் இருக்கிறது. சொல்லப்போனால் மருத்துவத்துக்குள் முதலில் நுழைந்தது இதுதான், அதுவும் இதயத்தின் வழியாக. 1954-ல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மன் மூவரும், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி ஏறிப் பிறகு இறங்குவதைக் காட்டினார்கள். பல ஆண்டுகள் இது மாரடைப்புப் பரிசோதனையாகவே இருந்தது. வீட்டில் வயதானவர்கள் "எஸ்.ஜி.ஓ.டி.ன்னா நெஞ்சு டெஸ்ட்டுல்ல?" என்று கேட்டால் தவறாகச் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தை ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதம் எடுத்துக்கொண்டது. நேப்பிள்ஸில் டி ரிட்டிஸும் அவருடைய குழுவினரும் 1955-ல் வைரஸ் மஞ்சள் காமாலையில் இந்த நொதிகள் ஏறுவதைக் காட்டிய பிறகுதான் இவை ஈரலின் கணக்கில் வந்தன. ஏ.எஸ்.டி.யை ஏ.எல்.டி.யால் வகுத்து வரும் எண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

62 என்பது எதன் 62?

பரிசோதனைக் கூடத்தில் நொதியை யாரும் எண்ணுவதில்லை, அது செய்யும் வேலையின் வேகத்தை அளக்கிறார்கள். ஒரு மூடிய அறையில் எத்தனை பேர் ஓலைக் கொட்டான் (சிறு கூடை) முடைகிறார்கள் என்று, மணிக்கு எத்தனை கொட்டான் வெளியே வருகிறது என்பதை வைத்துக் கணிப்பது மாதிரி. சீரத்தில் அலனினையும் கீட்டோகுளூட்டாரிக் அமிலத்தையும் ஊற்றுகிறார்கள். பிறக்கும் பைருவிக் அமிலம் உடனே இன்னொரு நொதியால் லாக்டிக் அமிலமாக மாற்றப்படுகிறது. அதற்கு என்.ஏ.டி.எச். என்ற பொருள் செலவாகிறது. அது 340 நானோமீட்டர் அலைநீள ஒளியை விழுங்கும் பொருள். அது குறையக் குறைய ஒளி கூடுதலாகக் கடந்து வரும், எவ்வளவு வேகத்தில் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றினால் ஒரு யூனிட். 62 என்றால் ஒரு லிட்டர் சீரத்துக்கு 62 யூனிட் வேகம்.

வேகத்தை அளப்பதால் சில சங்கடங்களும் உண்டு. பி6 குறைந்தவர்களிடம், உதாரணமாக நீண்டகாலம் குடிப்பவர்களிடம், பெட்டியடிப் பையன் இல்லாத கடைபோல நொதி இருந்தும் வேலை நடக்காது. பி6 சேர்க்காத முறையில் அளந்தால் எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அப்புறம், வெப்பநிலையும் முறையும் கூடத்துக்குக் கூடம் மாறும். சென்னையில் எடுத்த 48-ஐயும் காரைக்குடியில் எடுத்த 62-ஐயும் பக்கத்தில் வைத்து "பதினாலு ஏறிடுச்சு" என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

எவ்வளவு வரை சரி? பெரும்பாலான தாள்களில் மேல் எல்லை 40-ஐ ஒட்டி அச்சாகியிருக்கும். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்களின் சங்கமான ஏ.சி.ஜி. 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, உண்மையில் ஆரோக்கியமான மேல் எல்லை ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்கிறது. ஆகவே அம்புக்குறி இல்லாததே ஈரலுக்கு நற்சான்று ஆகாது. எண்ணின் உயரத்தை மருத்துவர்கள் தோராயமாக இப்படிப் படிப்பார்கள்:

1. மேல் எல்லையின் இரண்டு மூன்று மடங்குக்குள்: மிகச் சாதாரணமாகப் பார்ப்பது. ஈரலில் கொழுப்புப் படிவது முதல் சந்தேகம். சர்க்கரை, தொப்பை, மது, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன், ஹெபடைடிஸ் (ஈரல் அழற்சி) பி, சி பரிசோதனை.

2. ஆயிரத்தைத் தாண்டினால்: திடீர் அடி. வைரஸ் ஹெபடைடிஸ், பாரசிட்டமால் அளவு மீறியது, ஈரலுக்கு ரத்தம் போகாமல் நின்றது. அன்றே மருத்துவமனை.

3. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல்: மது மேல் சந்தேகம் திரும்பும். ஆனால் முந்தின நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கியவருக்கும் ஏ.எஸ்.டி. ஏறும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் ஏறும்.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் லேகியம், சூரணம், கஷாயம் எடுப்பவர்களும் அதைச் சொல்லாமல் விடுவதுதான் இந்த எண்ணைப் படிப்பதில் நடக்கும் பெரிய தவறு. "அது மூலிகைதானே" என்று மறைப்பதால் தேவையில்லாத பத்துப் பரிசோதனைகள் நடக்கும்.

பெயர் சொல்லாதவை

இந்தப் பரிசோதனைத் தொகுப்பின் தலைப்பே வழிதவற வைக்கிறது. 'ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை' என்று போட்டிருக்கும். எஸ்.ஜி.பி.டி. ஈரலின் செயல்பாட்டைக் காட்டுவதில்லை, சேதத்தைக் காட்டுகிறது. ஈரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க அதே தாளில் பிலிருபின், ஆல்புமின் வரிகளையும், தனியே எடுக்கும் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் முற்றி, கசிய நல்ல செல்லே அதிகம் மிஞ்சாத ஈரலில் எஸ்.ஜி.பி.டி. ஒழுங்காக 35 காட்டுவது உண்டு. காலி அறையிலிருந்து சாமான் வெளியே வராது.

பெயர் ஒற்றுமையால் வரும் பயமும் ஒன்று இருக்கிறது. குளூட்டாமிக் என்றதும் அஜினமோட்டோ நினைவுக்கு வரும், அது குளூட்டாமிக் அமிலத்தின் சோடிய உப்புதான். 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் அதன் சுவையைக் கண்டறிந்தார். ஆனால் நொதியின் பெயரில் 'குளூட்டாமிக்' இருப்பது அது எதைக் கைமாற்றுகிறது என்பதைச் சொல்லத்தான். சாலையோரக் கடை ஃப்ரைட் ரைஸ்தான் எண்ணை ஏற்றியது என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி ஆகாது. அந்தக் கடையில் கவனிக்க வேண்டியது தட்டில் நிற்கும் எண்ணெயை.

அதே பக்கத்தில் இன்னொரு 'ஏஸ்'

இரண்டு வரி கீழே ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் இருக்கும். பாஸ்பேட்டைக் கழற்றுவது, காரத்தன்மையில் நன்றாக வேலை செய்வது என்று பெயரே சொல்லிவிடுகிறது. 'ஈரல்' என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருந்தாலும் இதற்கு முக்கியமாக இரண்டு வீடு: பித்தநாளம், எலும்பு. பெரியவர்களின் எல்லை 120 அல்லது 130 என்று அச்சாகியிருக்கும் தாளில் பன்னிரண்டு வயதுப் பேரனின் எண் 300 என்று வந்து, பக்கத்தில் அம்புக்குறியும் நின்றால், ஈரலைத் தேடுவதற்கு முன்னால் போன வருஷம் வாங்கிய பள்ளிக்கூடக் கால்சட்டை இப்போது கணுக்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்கலாம்.